தயிர்ச்சட்டியா, மருந்துப்புட்டியா? வன்னியில் முதற்பிள்ளை வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

முதற்பிள்ளையைப் பெற்ற வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பேர்த்தியாரின் கைவைத்தியம், அயலட்டையின் அனுபவம், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது என்று வந்துகொண்டே இருக்கும். இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை மெலிவாக இருக்கிறதென்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சித்தி ஒரு புரோபயோட்டிக் புட்டியைப் பொதிக்குள் வைத்து அனுப்பிவிடுகிறார். அதைத் திறப்பதா, எடுத்து வைப்பதா என்று தெரியாமல் நிற்கும் இளம் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

போதிய அளவில், உயிரோடு உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை செய்கின்ற நுண்ணுயிர்களே புரோபயோட்டிக். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2001இல் கூட்டிய நிபுணர் குழு வகுத்த வரையறை இது. உயிரோடு இருக்கவேண்டும், அளவு போதவேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்கவேண்டும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் கதையில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை வளர்ப்பது சோறும் முட்டையும் மீனும் பாலுந்தான். நுண்ணுயிர் அதற்குத் துணை நிற்கும், பதிலாக நிற்காது. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் கடும் போசாக்கின்மையால் வாடிய குழந்தைகளுக்குச் சிகிச்சை உணவோடு புரோபயோட்டிக்கும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு, கலந்து கொடுத்ததால் குணமாகும் விகிதம் கூடவில்லை என்பதுதான். ஆகவே புட்டியைப் பற்றிய பேச்சைக் கட்டுரையின் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

முதற்படி: பதிவேட்டைத் திறவுங்கள்

பிள்ளை பிறந்தபோது வைத்தியசாலையில் தந்த சுகாதாரப் பதிவேட்டை எடுங்கள். அதிலுள்ள நிறை வரைபில் மருத்துவமாது மாதாமாதம் குற்றிடுவார். ஒரு குற்றைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்; குற்றுகளை இணைக்கும் கோடு எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்கள். சிறிய உடம்போடு பிறந்த பிள்ளை தன் பாதையில் ஒழுங்காக மேலேறினால் அது நல்ல வளர்ச்சியே. கொழுகொழுவென்று பிறந்த பிள்ளையின் கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு வயதில் நிறை பிறப்பு நிறையின் மும்மடங்கை எட்டும். உயரம் ஏறக்குறைய 50 சென்ரிமீற்றரிலிருந்து 75 வரை போகும். அடுத்த ஆண்டில் வேகம் இயல்பாகவே குறையும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டில் இரண்டு, இரண்டரைக் கிலோ கூடினாலே போதும். பசியும் அதற்கேற்பக் குறையும். "முன்பு போலச் சாப்பிடுகிறான் இல்லை" என்று தாய்மார் பயந்து மருந்துக் கடைக்குப் போவது பெரும்பாலும் இந்த வயதில்தான். கோடு ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

இரண்டாம் படி: ஆறு மாதம்வரை தாய்ப்பால், வேறொன்றுமில்லை

தாய்ப்பாலில் ஒரு விந்தை உண்டு. அதிலுள்ள ஒருவகைச் சீனிச் சங்கிலிகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. செரிக்க முடியாததை உடல் ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் சுரக்கிறது? குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கு அது உணவு. அவை அதைத் தின்று பெருகி, அமிலத்தைச் சுரந்து, கெட்ட கிருமிகள் தலையெடுக்காமல் தடுக்கின்றன. பிள்ளைக்கும் பிள்ளையின் குடலில் வாழ்பவைக்கும் தாய் சேர்த்தே ஊட்டுகிறாள். பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போட்டு, மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி எறியாமல் கொடுத்துவிட்டால் இந்த வேலை அன்றே தொடங்கிவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் "பிள்ளைக்குத் தொண்டை காயும், கொஞ்சம் தண்ணீர் கொடு பிள்ளை" என்று அம்மம்மா அன்போடு சொல்லுவார். வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான்; அடிக்கடி பாலூட்டினால் போதும், தண்ணீரைத் தாய் குடிக்கட்டும். சத்திரசிகிச்சை மூலம் பிறந்த குழந்தைகளின் குடலில் முதல் வாரங்களில் நுண்ணுயிர்களின் கலவை வேறுபட்டிருப்பது உண்மை. அதற்காகவும் சொட்டு மருந்து தேடி ஓட வேண்டியதில்லை. தாய்ப்பால்தான் அங்கும் முதல் மருந்து.

மூன்றாம் படி: ஆறு மாதமானதும் கட்டியான உணவு

ஏழு மாதப் பிள்ளைக்குத் தண்ணீர் போன்ற கஞ்சியைக் கிண்ணம் நிறையக் கொடுத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டதென்று சொல்வோம். வயிறு நிறைந்தது தண்ணீரால். கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாமல் நிற்கும் பதத்தில் மசித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச் சத்து பிள்ளைக்குப் போதாது. முல்லைத்தீவுக் கடல் மீனும் இரணைமடுக் குளத்து மீனும் இருக்கிற ஊரில் பிள்ளைக்கு இரசத்தை மட்டும் விட்டுப் பிசைந்து கொடுப்பது எனக்கு விளங்காத வழக்கம். தாய்ப்பாலும் இரண்டு வயதுக்கு அப்பாலும் தொடரட்டும்.

இந்த உணவுகள் பழகிய பிறகு தயிர் வரலாம். முதல் நாள் ஒரு தேக்கரண்டி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்து இரண்டு என்று கூட்டுங்கள். சீனி சேர்க்க வேண்டாம். மசித்த கதலிப்பழமே இனிப்புக்குப் போதும். தேன் ஒரு வயதுக்கு முன் துளியும் கூடாது, வற்றாப்பளைக் காட்டில் எடுத்த சுத்தமான தேனாக இருந்தாலும் சரி. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். ஒரு வயதாகும்வரை பசும்பாலைத் தாய்ப்பாலின் இடத்தில் வைக்கவும் கூடாது. உணவோடு சிறிது தயிர் வேறு, புட்டியில் பசும்பால் வேறு.

நான்காம் படி: தயிரை நீங்களே உறைய வையுங்கள்

வன்னியில் மாடு இல்லாத ஊர் குறைவு. எருமைப்பாலும் பட்டி மாட்டுப்பாலும் விடியற்காலையில் வாசலுக்கே வருகின்றன. வீட்டில் உறைய வைக்கும் தயிரின் பெரிய நன்மை, எப்போது உறைந்ததென்று உங்களுக்குத் தெரிவது.

பச்சைப்பாலை அப்படியே உறைய விடாதீர்கள். மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லாக் கிருமி பாலில் கலந்து மனிதருக்கும் மாதக்கணக்கில் காய்ச்சலைக் கொடுக்கும். பாலைப் பொங்க விட்டு, பிறகு தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். இடையிடையே துழாவுங்கள். இந்தப் பத்து நிமிடத்தில் பாலின் புரதம் இளகி, தயிர் தண்ணீர் விடாமல் கட்டியாக உறைவதற்கு வழி செய்யும்.

பிறகு ஆறவிடுங்கள். இங்கேதான் பலரின் தயிர் கெட்டுப்போகிறது. சவர்க்காரமிட்டுக் கழுவிய சுண்டுவிரலைப் பாலில் வைத்தால் பத்து எண்ணும்வரை சுடாமல், ஆனால் நல்ல சூடாக இருக்கவேண்டும். ஏறக்குறைய 43 பாகை செல்சியஸ். இதைவிட மிகவும் சூடென்றால் உறைமோரில் உள்ள நுண்ணுயிர் செத்துவிடும். ஆறி அவிந்தால் அவை சோம்பிக் கிடக்க, காற்றிலிருந்து விழுந்தவை முந்திக்கொள்ளும். அரை லீற்றர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி தயிர் போதும். அதைச் சிறிது பாலில் கரைத்து ஊற்றி, ஒருமுறை கலக்கி, மூடி, அசையாத இடத்தில் வையுங்கள். கூட ஊற்றினால் சீக்கிரம் உறையுமென்று நினைத்து ஊற்றுவார்கள், புளிப்புத்தான் கூடும்.

ஆடி, ஆவணி வெக்கையில் ஐந்தாறு மணித்தியாலத்தில் உறைந்துவிடும். இரவு படுக்கும் நேரத்தில் உறை ஊற்றினால், பின்னிரவில் உறைந்து விடிவதற்குள் புளிக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே அந்த மாதங்களில் காலையில் ஊற்றி மதியத்தில் எடுப்பது நல்லது. மார்கழி மழைக்குளிரில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி இரவு முழுவதும் விடலாம். முதல் உறைக்குக் கடையில் வாங்கிய, காலாவதித் திகதி தாண்டாத யோகட் நல்ல தொடக்கம். பசும்பால் கிடைக்காத வீட்டில் முழு ஆடைப் பால்மாவைக் கொதித்த நீரில் சற்றுத் தடிப்பாகக் கரைத்தும் உறைய வைக்கலாம்.

மண்சட்டி அழகுதான், தயிரின் ஈரத்தை உறிஞ்சி அதைக் கட்டியாக்கும். ஆனால் மண்ணின் துவாரங்களில் பழைய தயிர் தங்கிவிடும். அதே சட்டியைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் பூஞ்சணமும் மதுவமும் (ஈஸ்ற்) குடியேறும். குழந்தைக்கென்றால் கொதிநீரில் கழுவிய எவர்சில்வர்ப் பாத்திரமோ கண்ணாடிப் போத்தலோ மேல்.

நல்ல தயிர் கரண்டி இறங்கிய இடத்தில் சுத்தமாக வெட்டுப்படும்; வெள்ளையாக, இதமான புளிப்போடு இருக்கும். இளஞ்சிவப்போ பச்சையோ ஒரு புள்ளி தெரிந்தால், நூலாக இழுபட்டால், நுரைத்துக் குமிழிட்டால், கள்ளு வாடை அடித்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் கொடுக்கலாமே என்ற சிக்கனம் பிள்ளையின் சாப்பாட்டில் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைய தயிர் அன்றைக்கே. தாளித்துக் கொதிக்க வைத்த மோர் ருசியானது, ஆனால் அதில் உயிரோடு எதுவும் எஞ்சாது. தயிரைச் சோறு ஆறிய பிறகு சேருங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். யோகட்டை உறைய வைக்கும் இரண்டு வகை நுண்ணுயிர்களும் பாலிலுள்ள சீனியைச் செரிக்க உதவுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அவை குடலில் நிலையாகத் தங்குவதில்லை. வீட்டு உறைமோரில் வேறென்ன இருக்கிறதென்று ஆய்வுகூடத்தில் பார்த்தாலன்றித் தெரியாது. எனவே வீட்டுத் தயிரை மருந்தாக எண்ணாமல் புரதமும் கல்சியமும் தரும் அருமையான உணவாகவே எண்ணுங்கள். அந்த அளவிலேயே அது வளர்ச்சிக்குப் பெரிய உதவி.

தோசை, அப்பம், இட்டலி எல்லாம் புளித்தவைதானே என்று கேட்பீர்கள். கல்லில் வெந்ததும் நுண்ணுயிர் இறந்துவிடும். ஆனாலும் புளிக்கும்போது தானியத்திலும் உழுந்திலும் இரும்பையும் நாகத்தையும் (சிங்க் சத்து) பிடித்து வைத்திருக்கும் ஃபைற்றேற் என்ற பொருள் குறைவதால், அந்தச் சத்துகள் உடலில் கூடுதலாகச் சேரும். பழஞ்சோறு பெரியவர்களுக்கு ஆகும். கைக்குழந்தைக்கு வேண்டாம், வெக்கையில் கிடந்த சோற்றில் நஞ்சு சுரக்கும் கிருமிகளும் வளரும்.

ஐந்தாம் படி: இருக்கிற நுண்ணுயிருக்குத் தீனி போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு பங்களாதேஷ் தலைநகர் டாக்காவில், மிர்பூர் என்ற நெருக்கமான குடியிருப்பில் நடந்தது. நடுத்தர அளவு போசாக்கின்மையுள்ள 12 முதல் 18 மாதக் குழந்தைகள் ஏறக்குறைய 120 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான சத்துணவையும் மற்றப் பகுதியினருக்கு கடலைமா, சோயாமா, கச்சான் (நிலக்கடலை), வாழைக்காய் சேர்த்த உணவையும் மூன்று மாதம் கொடுத்தார்கள். இரண்டாவது உணவில் கலோரி குறைவு. அப்படியிருந்தும் அதை உண்டவர்களின் நிறைதான் கூடுதலாக ஏறியது. வளர்ச்சியோடு தொடர்புடைய குடல் நுண்ணுயிர்களும் பெருகியிருந்தன. 2021இல் வெளியான முடிவு இது. வெளியிலிருந்து நுண்ணுயிரைக் கொண்டுவராமல், உள்ளே இருப்பவை விரும்பும் உணவைக் கொடுத்தார்கள்.

அந்தப் பட்டியலை மறுபடி வாசியுங்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றதும் எல்லோரும் இறங்கி வாங்குவது என்ன? கச்சான். வாழைக்காய் வளவுக்குள் தொங்குகிறது. டாக்காவின் உணவை அளவு பிசகாமல் வீட்டில் செய்ய முடியாது, அதே பலனை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அந்தத் திசையில் போகலாம். வறுத்துத் தோல் நீக்கிய கச்சானையும் வறுத்த கடலையையும் நன்றாக மாவாக்கி, அவித்து மசித்த வாழைக்காயோடும் சிறிது எண்ணெயோடும் கஞ்சியில் கலந்தால் பிள்ளை விரும்பிச் சாப்பிடும். பயறு, கௌபி, குரக்கன், சின்ன வெங்காயம், முருங்கைக் கீரை எல்லாவற்றிலும் உள்ள நார் இதே வேலைக்கு உதவும். அரசு தரும் சத்துமாவான திரிபோஷா கிடைக்கும் பிள்ளையென்றால் அதைப் பிள்ளைக்கே கொடுங்கள்; வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளையின் பங்கு காணாமல் போகும்.

கச்சானில் இரண்டு கவனம். முழுக் கச்சான் ஐந்து வயதுக்குட்பட்டவரின் மூச்சுக்குழலை அடைத்துவிடும், அரைத்தே கொடுக்கவேண்டும். கறுத்த, சுருங்கிய, கசக்கிற பருப்புகளைப் பொறுக்கி எறியுங்கள். ஈரத்தில் கிடந்த கச்சானில் பிடிக்கும் பூஞ்சணத்தின் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுமையாக அழியாது. முதன்முறை கொடுக்கும்போது சிறிதளவு கொடுத்துப் பாருங்கள். உதடு வீங்கினால், தடித்தால், மூச்சு இழுத்தால் உடனே வைத்தியசாலைக்கு.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக: பிள்ளைக்குக் கொடுக்கும் நீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், முக்கியமாக மாரியில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிய பிறகு. பாத்திர அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைக் கண்டு பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. முற்றத்துக் கோழி எச்சத்தில் தவழ்ந்த கையைச் சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பங்களாதேஷிலும் கென்யாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் கழிவறை, கைகழுவல் ஆகியவற்றால் மட்டும் பிள்ளைகளின் உயரம் கூடவில்லை. உணவு சேர்ந்த இடத்தில்தான் சிறிதாவது கூடியது. கைகழுவுவதை விடுவதற்கு அது காரணமாகாது, சாப்பாட்டைக் கூட்டுவதற்கே காரணம்.

ஆறாம் படி: வயிற்றோட்டம் வந்தால்

வயிற்றோட்டத்துக்குப் புரோபயோட்டிக் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அதனால் பலன் தெரியவில்லை. உயிர் காப்பது ஜீவனி, அதாவது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் சீனியும் கலந்த தூள். பொதியில் எழுதிய அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரையுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்துக் கரைத்தால் உப்பின் அளவு பிசகும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, கரண்டி கரண்டியாக. கரைத்தது 24 மணித்தியாலத்துக்குப் பின் ஆகாது. வைத்தியர் தரும் நாகச் சத்து மாத்திரையை, வயிற்றோட்டம் நின்றாலும், 10 முதல் 14 நாள்வரை தொடருங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். நோய் மாறிய பின் இரண்டு வாரத்துக்கு நாளும் ஒருவேளை உணவைக் கூட்டிக் கொடுங்கள், இழந்த நிறையை மீட்கும் காலம் அதுதான்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு, குடித்ததெல்லாம் வாந்தியாவது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல்: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ இரவில் வாகனம் பிடிப்பது எவ்வளவு பாடென்று. ஆட்டோக்காரரின் இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: அந்தப் புட்டி

இனிப் பொதியில் வந்த புட்டிக்கு வருவோம். அதற்குரிய இடங்கள் சில உண்டு. அன்டிபயோட்டிக் குடிக்கும் பிள்ளைகளுக்கு அதனாலேயே வரும் வயிற்றோட்டத்தைச் சில வகைகள் குறைக்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு வந்தது, கொடுத்தவர்களில் 8 பேருக்கே வந்தது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும், மாலையானால் ஓயாமல் வீறிட்டழும் சில குழந்தைகளின் அழுகையை லக்டோபசிலஸ் ரியூற்றரி என்ற வகையின் ஒரு குறிப்பிட்ட இனம் குறைப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. இரண்டும் வைத்தியரிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை. தடிமனுக்கெல்லாம் அன்டிபயோட்டிக் கேட்டு வாங்காமல் இருப்பது இதைவிடப் பெரிய உபகாரம்.

வாங்குவதென்றால் உறையைப் படியுங்கள். நுண்ணுயிரின் பெயரோடு அதன் இன எண்ணும் எழுதப்பட்டிருக்கவேண்டும். "நல்ல பாக்டீரியா" என்று மட்டும் இருந்தால் திருப்பி வையுங்கள். எண்ணிக்கை காலாவதி நாள்வரை எவ்வளவு என்று பாருங்கள், தயாரித்த நாளின் எண்ணிக்கை உங்களுக்கு உதவாது. அன்டிபயோட்டிக் விடயத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது நாளொன்றுக்கு 500 கோடி நுண்ணுயிர்களும் அதற்கு மேலும் கொடுத்த ஆய்வுகளில். குளிரில் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தால், வாரக்கணக்கில் கப்பலிலும் பரந்தன் சந்திக் கடையின் வெயிலிலும் இருந்துவிட்டு வந்த புட்டிக்குள் உயிரோடு எத்தனை எஞ்சியிருக்கும்? சூடான பாலில் கலக்கவும் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைக்கும், நாளத்தில் குழாய் பொருத்தியிருக்கும் பிள்ளைக்கும் வைத்தியர் சொல்லாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். புரோபயோட்டிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தையொன்று அதே நுண்ணுயிர் இரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது.

இவ்வளவும் செய்தும் கோடு இரண்டு மாதமாக ஏறவில்லையென்றால் மருத்துவமாதிடம் சொல்லி சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளையின் மேற்கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, அது அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நிலை. போகும்போது பதிவேட்டையும், பிள்ளைக்குக் கொடுத்த மருந்துகளின் உறைகளையும், வெளிநாட்டுப் புட்டி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.